சேலத்துல ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போடலாம்... 400 பேரைத் தூங்க வைக்க முடியுமா? - மாநாட்டு ஹோட்டல் கணக்கு!

நாமக்கல்லில் ஒரு கோழித்தீவனக் கம்பெனி இருக்குன்னு வெச்சுக்கோங்க. தமிழ்நாடு, கர்நாடகா, கேரளா மூணு மாநிலத்திலும் சேர்த்து 400 டீலர்கள். வருஷத்துக்கு ஒருமுறை எல்லோரையும் கூப்பிட்டு ரெண்டு நாள் டீலர் மீட் நடத்தணும். புது தீவனம் அறிமுகம், டாப் டீலர்களுக்கு விருது, ராத்திரி டின்னர். இதை எங்கே நடத்துவீங்க?

சேலம்னுதான் முதலில் தோணும். நாமக்கல்லிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். பெங்களூரு, கோவை, திருச்சி எந்தப் பக்கமிருந்து வந்தாலும் நாலு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஆனா, போனை எடுத்து விசாரிக்க ஆரம்பிச்சதும் சிக்கல் புரியும். மண்டபத்தில் கேட்டால், "எத்தனை இலை சார்?" என்பார்கள். ஆயிரம்னு சொன்னாலும் அசர மாட்டார்கள். ஹோட்டலில் கேட்டால், "எத்தனை ரூம் சார்?" என்பார்கள். ரெண்டு பேருக்கு ஒரு ரூம்னு வைத்தாலே 200 ரூம். அங்கேதான் பேச்சு நிற்கும். கடைசியில் நிகழ்ச்சி கோவைக்கோ பெங்களூருக்கோ போய்விடும்.

ஒரு நகரத்துக்குப் பெரிய மாநாட்டு ஹோட்டல் ஏன் வருது, ஏன் வராமல் போகுது? இதை முடிவு செய்வது ஊரின் அந்தஸ்தோ, முதலாளியின் ஆசையோ இல்லை. செவ்வாய்க்கிழமை ராத்திரி அந்த ரூம்களில் யார் தூங்குவார்கள் என்ற கேள்விதான். கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலில்... மாநாட்டு ஹோட்டல்னா என்ன?

பெரிய ஹால் இருக்கும் ஹோட்டல் எல்லாம் மாநாட்டு ஹோட்டல் ஆகிவிடாது. தொழில்துறையில் இதை 'மைஸ்' பிசினஸ் என்பார்கள். கம்பெனி மீட்டிங், ஊக்கப் பரிசாக அழைத்துப் போகும் பயணம், மாநாடு, கண்காட்சி நாலும் இதில் அடக்கம். இந்தக் கூட்டத்துக்கு மூணு விஷயம் ஒரே இடத்தில் வேணும்: எல்லோரும் உட்கார ஒரு பெரிய ஹால், பிரிந்து பேசச் சின்னச் சின்ன அறைகள், எல்லோரும் தங்க ரூம்கள். மூணில் எது குறைந்தாலும் மத்த ரெண்டுக்கும் மதிப்பு குறையும்.

ஹாலின் கணக்கும் நாம் நினைப்பது மாதிரி இல்லை. 10,000 சதுர அடி ஹால்னா, சினிமா தியேட்டர் மாதிரி வரிசையாக நாற்காலி போட்டால் ஆயிரம் பேர் வரை உட்காரலாம். அதே ஹாலில் வட்ட மேசை போட்டு டின்னர் வைத்தால் 700-ஐ ஒட்டி வந்துவிடும். லேப்டாப் வைக்க மேசையோடு பயிற்சி வகுப்புன்னா 600-க்குக் கீழே. அதனால் 'ஆயிரம் பேர் ஹால்' என்று விளம்பரத்தில் பார்த்தால், எப்படி உட்கார வைத்து ஆயிரம் என்று கேட்பது நல்லது.

இன்னொரு விஷயம், தூண். மேடையை மறைக்கும் ஒரு தூண் போதும், பின்னால் இருக்கும் முப்பது பேர் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். தூண் இல்லாத பெரிய ஹால் கட்டி, அதுக்கு மேலே பத்து மாடி ரூம் கட்டுவது செலவு பிடித்த பொறியியல் வேலை. மேலே இருக்கும் மொத்த எடையையும் ஹாலைத் தாண்டி ரெண்டு ஓரத்துக்கும் கொண்டுபோகணும். அதனால் பெரும்பாலும் ரூம் கட்டடத்தைத் தனியாக எழுப்பி, ஹாலை அதுக்குப் பக்கத்தில் தாழ்வாகக் கட்டுவார்கள். அதுக்கு அகலமான இடம் வேணும். கூடவே கார் பார்க்கிங், பஸ் திரும்ப இடம், சாமான் லாரி பின்பக்கமாக வந்து இறக்க வழி.

இப்போ இதையெல்லாம் சேலம் ஐந்து ரோட்டிலோ, புது பஸ் ஸ்டாண்ட் பக்கமோ பொருத்திப் பாருங்க. அவ்வளவு பெரிய ஒற்றை நிலம் கிடைக்கணும், கிடைத்தாலும் அந்த விலையை ரூம் வாடகையில் எடுத்தாகணும். தமிழ்நாட்டின் 2019-ம் ஆண்டு கட்டட விதிகளின்படி 18.3 மீட்டர் உயரத்தைத் தாண்டினாலே அது உயர் கட்டடம். முன்னால் இருக்கும் சாலையின் அகலம் முதல் தீயணைப்பு வண்டி சுற்றி வரும் இடம் வரை எல்லாவற்றுக்கும் தனி நிபந்தனைகள் வந்துவிடும். செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கத்துத் தெருக்களைப் பார்த்தவர்களுக்கு இதுக்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சேலத்தில் பெயர் தெரிந்த பிராண்டு ஹோட்டல்கள் நெடுஞ்சாலைப் பக்கமாகவே போனதுக்கு இதுவும் ஒரு காரணம். மாமாங்கத்தில் இருக்கும் ராடிசன், ஜி.ஆர்.டி குழுமத்தின் கிராண்ட் எஸ்டான்சியா ரெண்டுமே பெங்களூரு பக்கம் போகும் வழியில்தான். அந்தப் பக்கம் விமான நிலையம் இருக்கு, பெரியார் பல்கலைக்கழகம் இருக்கு, 2024 செப்டம்பரில் திறந்த மினி டைடல் பூங்காவும் இருக்கு. ஊரே அந்தத் திசையில் நகரும்போது ஹோட்டல் மட்டும் நடு ஊரில் நிற்காது.

சென்னை எப்படிச் செய்தது?

ஐ.டி.சி நிறுவனம் ஹோட்டல் தொழிலுக்குள் நுழைந்ததே சென்னையில்தான். 1975-ல் இங்கே ஒரு ஹோட்டலை வாங்கி 'சோழா' என்று பெயர் வைத்தது. 2012-ல் அதே நிறுவனம் கிண்டியில் கிராண்ட் சோழாவைத் திறந்தது. 600 ரூம்கள். 2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் சந்திப்புக்கு வந்தபோது தங்கியதும் அங்கேதான். கிண்டியைக் கவனியுங்க. மயிலாப்பூரோ தி.நகரோ இல்லை. விமான நிலையத்துக்கும் நகரத்துக்கும் நடுவில், ஜி.எஸ்.டி சாலையும் தொழிற்பேட்டையும் சேரும் இடம். பக்கத்தில் நந்தம்பாக்கம் வர்த்தக மையம். 2024 ஜனவரி 7, 8 தேதிகளில் உலக முதலீட்டாளர் மாநாடு நடந்த இடம் அது.

இதைவிட சுவாரஸ்யமான கதை செஸ் ஒலிம்பியாட். ரஷ்யாவில் நடக்க வேண்டிய 44-வது செஸ் ஒலிம்பியாட், உக்ரைன் போரால் இடம் மாறியது. 2022 மார்ச்சில் சென்னைக்குக் கிடைத்தது. ஜூலை கடைசியில் போட்டி! நாலே மாதம். தேர்ந்தெடுத்த இடம் ஸ்டேடியம் இல்லை, மாமல்லபுரம் ஃபோர் பாயின்ட்ஸ் ஹோட்டலின் மாநாட்டு வளாகம். பொதுப் பிரிவில் 188 அணி, பெண்கள் பிரிவில் 162 அணி. ஒவ்வொரு அணிக்கும் நாலு பலகை. எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் 1,400 பேர். அதோடு மாற்று வீரர்கள், கேப்டன்கள், நடுவர்கள்.

இவ்வளவு பேரும் அந்த ஒரே ஹோட்டலில் தங்கவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை, சென்னை என்று பல ஹோட்டல்களில் பிரித்துத் தங்க வைத்து, பஸ்ஸில் கூட்டி வந்தார்கள். ஒரே கூரையின் கீழ் எல்லாம் இருக்கணும்னு முன்னால் சொன்னேன் இல்லையா? அந்த விதியைத் தளர்த்த முடியும் என்பதுக்கு இது உதாரணம். ஆனா, சுத்துவட்டாரத்தில் ஒரே தரத்தில் ரூம்கள் நிறைய இருக்கணும், ஒருங்கிணைக்க ஒரு ஆள் இருக்கணும். அங்கே அரசாங்கமே இறங்கியது. கோழித்தீவனக் கம்பெனியின் டீலர் மீட்டுக்கு அரசு பஸ் விடாது.

200 ரூம் கட்டினால் என்ன ஆகும்?

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் நான் உதாரணத்துக்கு எடுத்தவை. சேலத்தில் யாரோ ஒருத்தர் தைரியமாக 200 ரூம் ஹோட்டல் கட்டுகிறார். ஒரு ரூம் ஒரு ராத்திரி விற்றால் அது ஒரு 'ரூம் நைட்'. 200 ரூம், 365 நாள். ஆண்டுக்கு 73,000 ரூம் நைட். 60 சதவீதம் நிரம்பணும்னாலே 43,800 விற்கணும்.

நம்ம 400 டீலர் கூட்டம் வந்து ரெண்டு ராத்திரி தங்கினால் எவ்வளவு? 200 ரூம், ரெண்டு நாள். 400 ரூம் நைட். 43,800-ல் கால் பங்கை மட்டும் இப்படிப்பட்ட கூட்டங்களால் நிரப்பணும்னா, வருஷத்துக்கு 27 கூட்டம் வரணும். ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. மீதி முக்கால் பங்குக்கு? தனியாக வரும் விற்பனைப் பிரதிநிதி, உருக்காலைக்கு வரும் பொறியாளர், ஏற்காடு போகும் குடும்பம், மருத்துவமனைக்கு வந்தவர்களின் உறவினர், கல்யாண வீட்டுக்காரர்கள். இவர்கள்தான் ஹோட்டலின் தினசரி சோறு. மாநாடு வந்தால் பாயசம்.

ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு என்றால் கேட்க ஈஸியாகத்தான் இருக்கு. இந்த வட்டாரத்தில் தொழிலுக்கும் பஞ்சமில்லை. நாமக்கல் முட்டை, திருச்செங்கோடு ரிக் வண்டி, லாரி பாடி கட்டும் பட்டறைகள், டேங்கர் லாரி, சேலம் வெள்ளிக் கொலுசு, ஜவ்வரிசி, ஜவுளி. நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கு. தீவனம், தடுப்பூசி, டயர், இன்ஜின் ஆயில், சிமென்ட் என எந்தக் கம்பெனிக்கும் இங்கே டீலர் கூட்டம் இருக்கு. கூட்டம் நடத்தக் காரணமும் இருக்கு.

ஆனா காலண்டர் ஒத்துழைக்காது.

முகூர்த்தமா, மீட்டிங்கா?

நம்ம ஊர் ஹோட்டல் ஹாலுக்கு ரெண்டு எஜமானர்கள். கம்பெனிக்காரர்கள் ஆங்கில காலண்டர் பார்ப்பார்கள். கல்யாண வீட்டார் தமிழ் காலண்டர் பார்ப்பார்கள். தை, வைகாசி, ஆவணியில் வளர்பிறை முகூர்த்தம் வந்தால், அந்த நாளுக்கு ஹால் ஆறு மாதத்துக்கு முன்பே போயிருக்கும். கல்யாண வீட்டுக்கு ரூம் 20, 30 போதும். ஆனா சாப்பாடு ஆயிரம் பிளேட்டைத் தாண்டும். கம்பெனிக்கு சாப்பாடு 400 பிளேட், ரூம் 200. ஹாலை எதுக்குக் கொடுப்பது? ஹோட்டலின் பேங்க்வெட் மேனேஜர் தினமும் போடும் மனக்கணக்கு இது.

கம்பெனிக்காரர்கள் விரும்பிக் கேட்பது வெள்ளி, சனி. ஞாயிறு டீலர்கள் ஊர் திரும்பிவிடலாம் இல்லையா. ஆனா ஞாயிறு காலை முகூர்த்தம்னா, சனி சாயங்காலம் அதே ஹாலில் வரவேற்பு. நேருக்கு நேர் மோதல். சனி மதியம் மூணு மணிக்கு விருது விழா முடிந்து, ஆறு மணிக்குள் அதே மேடையில் பூ அலங்காரம் ஏறியிருக்கணும். இடையில் இருக்கும் அந்த மூணு மணி நேரத்தில் நாற்காலி மாற்றி, தரைவிரிப்பு போட்டு, சவுண்ட் செட் கழற்றி மாட்டும் பசங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெரும்பாலும் நிகழ்ச்சிக்கு இவ்வளவுன்னு தினக்கூலிக்கு வருகிறவர்கள். அதில் கல்லூரி மாணவர்களும் உண்டு. நகரத்தில் ஒரு பெரிய ஹோட்டல் வந்தால் இவர்களில் எத்தனை பேருக்கு மாதச் சம்பளமும் பி.எஃப்பும் கிடைக்கும் என்பதுதான் என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி. கேட்டரிங் படித்த சேலத்துப் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் பஸ் ஏறுவது இன்றைக்கு நேற்று நடப்பதில்லை.

சரி, ஆடியிலும் மார்கழியிலும்? ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை, டிசம்பர் நடுவிலிருந்து பொங்கல் வரை கல்யாணம் கிடையாது. ஹால் காலியாக இருக்கும். கம்பெனிக்கு இது லாட்டரி. பேரம் பேச இதைவிட நல்ல நேரம் இல்லை. பெரிய சங்கிலி ஹோட்டல்கள் உலகம் முழுக்கச் சீசனைப் பார்த்து விலை வைக்கின்றன. நம்ம ஊரில் அந்தச் சீசனைப் பஞ்சாங்கமும் சேர்ந்து தீர்மானிக்குது, அவ்வளவுதான் வித்தியாசம்.

விமானத்தில் வரலாமே?

வரலாம்... 78 பேர். சேலம் விமான நிலையம் காமலாபுரத்தில் இருக்கு. 2018 மார்ச் 25-ல் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் சென்னை விமானத்தை ஆரம்பித்தது. 2021-ல் சேவை நின்றது. ரெண்டு வருஷத்துக்கு மேல் ஓடுதளம் காத்துக்கிடந்து, 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர், இண்டிகோ மூலமாகத் திரும்ப உயிர் வந்தது. வருவது ஏ.டி.ஆர் ரகச் சின்ன விமானம். இண்டிகோவில் 78 இருக்கை. 400 பேரைக் கொண்டுவர ஆறு விமானம் முழுசாக வேணும்.

அதனால் சேலத்தில் நடக்கும் எந்தப் பெரிய கூட்டமும் ரோடும் ரயிலும் நம்பித்தான். அதில் சேலத்தை அடிச்சிக்க ஆள் இல்லை. காஷ்மீர்-கன்னியாகுமரி தேசிய நெடுஞ்சாலை 44 இங்கே வழியாகப் போகுது, நாமக்கல்லையும் தொட்டபடி. கொச்சி போகும் 544 இங்கேதான் ஆரம்பிக்குது. உளுந்தூர்பேட்டை போகும் 79-ம் இங்கிருந்துதான். சென்னை-கோவை வந்தே பாரத் 2023 ஏப்ரலிலும், கோவை-பெங்களூரு வந்தே பாரத் அந்த ஆண்டு டிசம்பரிலும் ஓட ஆரம்பித்தன. ரெண்டும் சேலத்தில் நிற்கும். விமானத்தில் வரும் டெல்லி டாக்டர்கள் மாநாடு சேலத்துக்கு வருவது கஷ்டம். காரில் வரும் டீலர் மாநாடு வரலாம். ரெண்டுக்கும் ஒரே மாதிரி ஹோட்டல் கட்டத் தேவையில்லை. இத்தாலி பளிங்கைவிட 200 கார் நிறுத்த இடம் முக்கியம். டீ பிரேக்கில் பிஸ்கட்டுக்குப் பதில் தட்டுவடை செட் போட்டால் இன்னும் விசேஷம் (இது என் சொந்தக் கோரிக்கை).

கோவையில் நடந்தது என்ன?

கோவை வேறு வழியில் போனது. சிறுதொழில் முதலாளிகளின் சங்கமான கொடிசியா, ஹோட்டல்காரர்கள் வருவார்கள்னு காத்திருக்காமல் அவிநாசி ரோடு பக்கம் தனக்கென்று ஒரு வர்த்தகக் கண்காட்சி வளாகத்தைக் கட்டிக்கொண்டது. 2010 ஜூனில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது அந்த வளாகத்தில்தான். ஹால் இருந்தால் ஆள் வரும், ஆள் வந்தால் ரூம் கேட்கும். இன்றைக்கு அவிநாசி ரோட்டில் பிராண்டு ஹோட்டல்கள் வரிசையாக இருக்கு.

அதே ரோட்டில் எச்சரிக்கையும் இருக்கு. கோவை லே மெரிடியன், சென்னை லே ராயல் மெரிடியன் ரெண்டுக்கும் உரிமையாளரான அப்பு ஹோட்டல்ஸ் நிறுவனம், 2020 மே மாதம் கடன் பாக்கி வழக்கில் திவால் சட்ட நடைமுறைக்குள் போனது. அந்த நிறுவனத்தை யார் எடுத்து நடத்துவது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2023 மே மாதம் தீர்ப்பு வந்தது. பலருக்கு இந்த இடத்தில் ஒரு குழப்பம் வரும்: மெரிடியன்னா வெளிநாட்டுக் கம்பெனி ஆச்சே? பெயர்ப்பலகையும் நிர்வாக முறையும்தான் பிராண்டுடையது. நிலம், கட்டடம், கடன் எல்லாம் உள்ளூர் உரிமையாளர் தலையில். ரூம் காலியாக இருந்தாலும் பிராண்டுக்கான கட்டணம், வங்கி வட்டி, ஏ.சி பராமரிப்பு எதுவும் லீவு எடுக்காது.

சேலத்துத் தொழிலதிபர்கள் 60, 70 ரூம் அளவோடு நிறுத்திக்கொள்வதைப் பயந்தாங்கொள்ளித்தனம்னு சொல்ல முடியாது. கணக்கு தெரிந்தவர்கள். 200 ரூமை ஒருத்தர் கட்டுவதைவிட, நாலு ஹோட்டல்கள் சேர்ந்து 200 ரூமை ஒரே போன் நம்பரில், ஒரே விலையில் கொடுத்தால் நம்ம டீலர் மீட் சேலத்திலேயே நடக்கும். 1981-லேயே சேகோசர்வ் மாதிரி கூட்டுறவு அமைத்து ஜவ்வரிசி விற்கும் ஊர் இது. போட்டியாளர்கள் ஒண்ணாக உட்கார்ந்து வியாபாரம் செய்வது இங்கே புதுசு இல்லை.

புக் பண்ணப் போறீங்களா? பில்லைக் கவனிங்க

ஆபீஸில் நிகழ்ச்சி ஏற்பாடு உங்க தலையில் விழுந்திருந்தால் இந்தப் பகுதி உங்களுக்குத்தான்.

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. அதுக்கு மேல் போனால் 18. சேலம் விலையில் பெரும்பாலான ரூம்கள் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் வரும். உங்களுக்கு லாபம். ஹோட்டல்காரருக்கு ஒரு வலி: 5 சதவீதம் வாங்கினால், லாண்டரி, பராமரிப்புன்னு அவர் கட்டிய ஜிஎஸ்டியை இன்புட் கிரெடிட்டாகக் கழிக்க முடியாது. அந்தச் செலவு சத்தமில்லாமல் ரூம் விலைக்குள் வந்து உட்கார வாய்ப்பு இருக்கு. அதனால் வரி சதவீதத்தை விட்டுவிட்டு, மொத்தத் தொகையை ஒப்பிடுங்க.

ரெண்டாவது, பலரும் கவனிக்காதது. ஹோட்டல் ரூமுக்கும் ஹாலுக்கும் ஜிஎஸ்டி, கட்டடம் இருக்கும் மாநிலத்தில்தான் விழும். உங்க கம்பெனி தமிழ்நாட்டில் மட்டும் பதிவு செய்திருக்கு, நிகழ்ச்சியைப் பெங்களூரில் நடத்தினீங்கன்னா, பில்லில் வருவது கர்நாடக வரி. அந்தக் கிரெடிட்டை இங்கே எடுக்க முடியாது. 'பெங்களூரு ரேட் கொஞ்சம்தானே கூட' என்று சொல்வதுக்கு முன் அக்கவுன்ட்ஸ் டீமைக் கேளுங்க.

மூணாவது, ஒப்பந்தத்தில் 'கியாரண்டி பாக்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். 'பாக்ஸ்'னா ஹோட்டல் பாஷையில் தலைக்கணக்கு. 400 என்று கையெழுத்துப் போட்டு 310 பேர் வந்தால் 400 பேருக்குத்தான் பில். டீலர்களில் கடைசி நேரத்தில் வராதவர்கள் எப்போதும் இருப்பார்கள், அதுவும் முட்டை விலை இறங்கும் வாரத்தில். கொஞ்சம் குறைத்தே கியாரண்டி கொடுங்க, கூடுதலாக வந்தால் எத்தனை பேர் வரை சமாளிப்பார்கள்னு எழுத்தில் வாங்கிக்கோங்க. ரூம்களையும் எந்தத் தேதி வரை அபராதமில்லாமல் விடுவிக்கலாம்னு கேட்டு வைங்க.

ராத்திரி டின்னரில் மது உண்டா என்பது தனிக் கதை. 2023-ல் கல்யாண மண்டபங்களிலும் சிறப்பு உரிமத்தோடு மது பரிமாறலாம்னு அரசு விதி கொண்டுவந்து, எதிர்ப்பு கிளம்பியதும் ஏப்ரலில் மண்டபங்களை அதிலிருந்து எடுத்துவிட்டது. மண்டபத்தில் டீலர் மீட் வைத்துவிட்டு அந்த ஆசையை வைக்காதீங்க.

தேதி குறிக்கும் முன், கூகுள் காலண்டரோடு வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரையும் ஒருமுறை கிழித்துப் பாருங்க. முகூர்த்த நாளில் சேலத்தில் ரூம் மட்டுமில்லை, சமையல் மாஸ்டர், சவுண்ட் செட், வாடகை வேன், வாழை இலை எதுவுமே சொன்ன விலைக்குக் கிடைக்காது.